ஊர்ப்புறத்து அருள்: மொலோக்காய்த் தீவின் தமியான் அடிகளார்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அவற்றை எழுத நம் சங்கத்திலேயே நம்மினும் வல்லார் பலருளர். பள்ளியிறுதித் தேர்வோடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, இருபதாண்டுகளுக்கு மேலாகப் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து காலங்கழிக்கும் நமக்கு, அச்சாளரத்தின் முன்னே நிகழ்ந்த ஒன்று நெடுநாளாக உள்ளத்தை உறுத்தி வந்தது. அவ்வுறுத்தலே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தொற்றாத தொழுநோய் உடையவர்கள் சிகிச்சையின் பொருட்டுப் பயணஞ் செய்யுங்கால் அவர்கட்குக் கட்டணச் சலுகை தருவது நம் ரயில்வேயின் வழக்கம் என்பதைக் காலனி அன்பர் அறிவர். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால மாலையொன்றில், முதியவர் ஒருவர் அதற்குரிய மருத்துவச் சான்றிதழோடு நம் சாளரத்திற்கு வந்தார். ரயில் பாதைக்கு அப்பாலுள்ள தொழுநோயாளர் குடியிருப்பைச் சேர்ந்தவர் அவர். உடன் பத்து வயதுப் பேரன் ஒருவன். நோய் தொற்றாது என்று சான்றிதழில் தெளிவாக எழுதி முத்திரையிடப்பட்டிருந்தது. நாம் அதைப் படித்தோம். படித்தும், தாளைப் பலகைமேல் வைக்கச் சொன்னோம். பயணச்சீட்டையும் மீதிச் சில்லறையையும் அவர் கையில் தாராமல் அடிக்கோலின் முனையால் தள்ளினோம். மடங்கிப்போன விரல்களால் அவருக்கு நாணயங்களை எடுக்க இயலவில்லை. இரண்டு நாணயங்கள் தரையில் உருண்டன. பையன் குனிந்து பொறுக்கினான்; பொறுக்கிய பின் நம்மை நிமிர்ந்து பார்த்தான். முதியவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவருக்கு அது பழகிப் போயிருந்தது போலும். பையனுக்கு இன்னும் பழகவில்லை.

அப்போது அடுத்த வரிசையில் குடியிருந்து, பின்னர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய கிறிஸ்தவ அன்பர் ஒருவரிடம் இதனைச் சொல்லி வருந்தினோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை, தேற்றவுமில்லை. உள்ளே சென்று பழைய நூலொன்றைக் கொணர்ந்து கையிற் கொடுத்தார். அது தமியான் அடிகளார் சரிதம். நாம் அச்சமயத்தைச் சார்ந்தோமல்லோம். ஆயினும் அந்நூலும், அதன்பின் தேடிப் படித்தனவும் நமக்குக் கற்பித்ததை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளுதல் கடனென்று கருதுகின்றோம்.

பாளையத்திற்குப் புறம்பே

கிறிஸ்தவர்தம் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் என்றொரு பகுதியுண்டு. யூதர்களுக்குரிய சட்டங்கள் பலவும் அதிற் கூறப்பட்டுள. மேனியில் இன்னின்ன குறி தோன்றியவனைக் குரு ஆராய்ந்து பார்த்துத் தீட்டுடையவன் என்று தீர்ப்பளிக்க வேண்டும். அவன் கிழிந்த ஆடையுடுத்து, வாயை மூடி, தான் தீட்டுடையவன் என்று கூவிக்கொண்டு, பாளையத்திற்குப் புறம்பே தனித்து வாழ வேண்டும் என்பது அச்சட்டம். இக்காலத்து நாம் தொழுநோய் என்று கூறுவது ஒன்றையே அச்சொல் குறித்ததன்று, வேறு பல தோல் நோய்களையும் குறித்திருக்கலாம் என்று அறிஞர் கூறுவர். எந்நோயாயினும் என்! நோயைக் காட்டிலும் அந்தக் கூவல் அன்றோ கொடிது? தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் சொல்லைத் தன் வாயாலேயே சொல்லுமாறு ஒருவன் கட்டளையிடப்பட்டான்.

இச்சட்டம் நிலவிய நாட்டில்தான் இயேசுநாதர் தோன்றினார். மாற்கு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், நோயுற்றவன் ஒருவன் அவர்முன் முழந்தாளிட்டு, தம் விருப்பமிருந்தால் தன்னைத் தூய்மையாக்க இயலும் என்று இறைஞ்சுகிறான். இயேசுநாதர் மனமிரங்கிக் கையை நீட்டி அவனைத் தொடுகிறார். அதன் பின்னரே நோய் நீங்குகிறது. இந்த வரிசையை நம் வாசகர் உன்னிப்பாக நோக்க வேண்டும். நோய் நீங்கிய பின் தொடுதல் எவர்க்கும் எளிது. நீங்கு முன்னரே தொட்டதுதான் அருள். தகுதி வந்த பின் தருவது கூலி. தகுதி பாராது தருவதைத்தான் கிறிஸ்தவர்கள் கிருபை என்று கூறுகின்றனர்.

அவ்வதிகாரத்தின் முடிவில் மற்றொரு செய்தியும் உளது. நலம்பெற்றவன் நடந்ததை எங்கும் பரப்பியதால், இயேசுநாதர் அதன்பின் வெளிப்படையாக ஊருக்குள் புக இயலாது, வெளியே ஆளில்லா இடங்களில் தங்கினார் என்று மாற்கு முடிக்கிறார். வெளியே நின்றவன் உள்ளே போனான். உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். இடம் மாறிற்று. இந்த இடமாற்றத்தையே தம் வாழ்க்கையாக்கிக் கொண்ட ஒருவரின் வரலாற்றைத்தான் இனிச் சொல்லப் போகின்றோம்.

அதற்குமுன் உண்மையொன்றை மறையாமல் உரைத்தல் வேண்டும். தொட்டவரின் பெயரால் எழுந்த திருச்சபையும் எல்லாக் காலத்தும் தொட்டதில்லை. இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயாளரை ஊரினின்று பிரித்தனுப்புவதற்கென்றே கோயிற் சடங்குகள் இருந்தன. சிலவிடங்களில் உயிரோடிருப்பவர்க்கு இறந்தோர்க்குரிய வழிபாட்டையொத்த வழிபாடு நடத்தி அனுப்பினர். 1179-ஆம் ஆண்டின் மூன்றாம் லாத்தரன் சங்கம், ஏனையோருடன் கூடி வழிபட விடப்படாத அவர்கள் தமக்கெனத் தனிக் கோயிலும் கல்லறையும் குருவும் கொள்ளலாம் என்று விதித்தது. அதே திருச்சபையில்தான் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் என்னும் செல்வர் மகன், தொழுநோயாளரிடையே சென்று பணிசெய்ததே தம் வாழ்வின் திருப்பம் என்று இறுதி நாளில் எழுதுவித்தார். சட்டத்தின் வழியும் தொடுதலின் வழியும் ஒரே சமயத்தினுள் அருகருகே ஓடி வந்துள. எச்சமயத்தில் இவ்வாறில்லை?

தீவும் சட்டமும்

பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் உள்ளன. இன்று அமெரிக்காவின் ஒரு மாநிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனி அரசு. வெளிநாட்டுக் கப்பல்கள் வரத்தொடங்கிய பின், முன்னறியாத நோய்கள் பலவும் அத்தீவுகளில் புகுந்தன. தொழுநோயும் அவற்றுள் ஒன்று. நோய் பரவக்கண்டு அஞ்சிய அரசு 1865-ஆம் ஆண்டு சட்டமொன்று இயற்றிற்று. நோயுற்றோரைப் பிடித்து, மொலோக்காய் என்னும் தீவின் வடகரையில் ஒதுக்கிவைப்பது என்பது அதன் சாரம்.

அவ்விடத்தைத் தேர்ந்தவர்கள் ஒரு மதிலும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. கடலுக்குள் நாக்குப்போல் நீண்ட நிலம். மூன்று புறமும் அலைகடல். நான்காம் புறம் ஏறத்தாழ 2,000 அடி உயரத்துச் செங்குத்து மலை. 1866-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் முதற் கூட்டமாகப் பன்னிரண்டு நோயாளர் அங்கு இறக்கப்பட்டனர். 1969-ஆம் ஆண்டு ஒதுக்கிவைக்கும் சட்டம் நீங்கும்வரை ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் அம்மண்ணின் பழங்குடி மக்கள். கணவனை மனைவியினின்றும் தாயைச் சேயினின்றும் பிரித்த அந்நோய்க்கு அம்மக்கள் தம் மொழியில் 'பிரிக்கும் நோய்' என்றே பெயரிட்டனர். நோயில்லாத கணவரும் மனைவியரும் சிலர் தாமே விரும்பி உடன்சென்று பணிவிடை செய்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

வீடில்லை, மருத்துவரில்லை, நல்ல நீரும் தொலைவில். ஆயினும் அங்கே அருள் வெளியிலிருந்து கப்பலேறித்தான் வந்தது என்று எண்ணிவிடலாகாது. முதற் கூட்டம் இறங்கிய அதே 1866-ஆம் ஆண்டில், நோயாளருள் சீர்திருத்தக் கிறிஸ்தவராயிருந்த முப்பத்தைவர் தாமே கூடி ஒரு சபையை அமைத்துக்கொண்டனர். விவிலியத்தில் வரும் சீலோவாம் குளத்தின் நினைவாக அதற்குச் சீலோவாமா என்று பெயரிட்டனர். நாடு அவர்களைக் கைவிட்டது; இறைவன் கைவிட்டான் என்று அவர்கள் நம்ப மறுத்தனர். தமியான் அடிகளார் அங்குக் காலடி வைத்தது அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின்னர்தான்.

தாழை மரத்தடி

அடிகளாரின் இயற்பெயர் யோசேப்பு தெ வூஸ்தர். பெல்ஜியம் நாட்டில் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் உழவுக்குடியொன்றில் பிறந்தார். தமையனாரைப் பின்பற்றி, இயேசு மரியின் திருஇருதயங்கள் பெயரால் அமைந்த துறவுச் சபையிற் சேர்ந்து, தமியான் என்னும் பெயர் பூண்டார். ஹவாய்க்குச் செல்லவேண்டியவர் உண்மையில் அத்தமையனாரே. பயணத்திற்கு முன் அவர் காய்ச்சலில் விழ, இளையவர் தம்மை அனுப்புமாறு தலைவர்க்கு எழுதி இசைவு பெற்றார். 1864-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள் ஹொனலூலுத் துறையில் இறங்கி, அவ்வாண்டு மே மாதமே குருப்பட்டம் பெற்றார். பின்னர் ஒன்பதாண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் ஊரூராய் அலைந்து பணிபுரிந்து, அம்மக்களின் மொழியை நன்கு கற்றார்.

1873-ஆம் ஆண்டில் ஆயர், மொலோக்காய் நோயாளர்க்குக் குரு வேண்டுமென்றும், எவரையும் கட்டாயப்படுத்த மனமில்லை என்றும் கூறினார். நால்வர் முன்வந்தனர், முறைவைத்துச் சில திங்கள் ஒருவராய்ச் சென்றுவருவது ஏற்பாடு. முதல் முறை தமியான் அடிகளாருடையது. மே 10-ஆம் நாள், நோயாளர் கூட்டமொன்றுடனும் கால்நடைகளுடனும் சென்ற கப்பலில் அவர் சென்றிறங்கினார். அப்போது அவருக்கு அகவை முப்பத்து மூன்று. தங்க வீடில்லாமையால் முதற்சில இரவுகள் கோயிலருகே ஒரு தாழை மரத்தடியில் உறங்கினார். முறைவைத்து வருவது என்ற பேச்சு அதன்பின் எழவில்லை. அவர் திரும்பவேயில்லை.

அதே 1873-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார் என்பது வரலாற்றின் வியப்பு. ஆனால் கிருமியை வெல்லும் மருந்து வருவதற்கு அதன்பின் எழுபதாண்டுகள் ஆயின. ஆகவே அடிகளாரிடம் மருந்தில்லை, கைகளே இருந்தன.

அக்கைகள் செய்த பணி பல. மலைப் பள்ளத்தாக்கினின்று குழாய் பதித்து ஊருக்கு நீர் கொணர்ந்தார். வீடுகள் கட்டினார், கோயிலை விரித்தார், ஆதரவற்ற சிறாருக்கும் சிறுமியர்க்கும் தனித்தனி இல்லம் அமைத்தார். முன்னர்ப் பெட்டியின்றியே புதைக்கப்பட்ட ஏழைகளுக்காகச் சவப்பெட்டிகளைத் தம் கையாலேயே இழைத்தார். பாட்டுக் குழுவும் வாத்தியக் குழுவும் அமைத்தார். சாவு ஊர்வலமும் அங்கே கொடியும் இசையுமாகச் சென்றது. புண்களைக் கழுவிக் கட்டினார். சேப்பங்கிழங்கை அவித்து அரைத்துச் செய்யும் கூழ் அத்தீவினரின் உணவு. அதனை ஒரே கலத்தில் எல்லோரும் விரலிட்டு உண்பது அவர்கள் மரபு. அடிகளாரும் அக்கலத்திலேயே விரலிட்டு உண்டார். புகைக்குழலும் கைமாறிற்று. ஒதுங்கி உண்பவனை அம்மக்கள் தம்மவனாகக் கொள்வதில்லை என்பதை அவர் ஒன்பதாண்டுப் பழக்கத்தில் அறிந்திருந்தார்.

சில திங்களில் சட்டம் அவரையும் வளைத்தது. அங்குச் சென்றவர் எவராயினும் வெளியே வருதல் கூடாது என்று அரசின் சுகாதாரக் குழு ஆணையிட்டது. அவரைக் காண வந்த சபைத் தலைவரைக் கரையிலிறங்கக் கப்பல் தலைவன் விடவில்லை. படகில் சென்ற அடிகளாரைக் கப்பலேறவும் விடவில்லை. கத்தோலிக்கக் குருமாரும் மற்றொரு குருவிடம் தம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்பது முறை. ஆகவே ஆடும் படகில் நின்றபடியே, பலர் கேட்க, உரத்த குரலில் தம் பாவங்களைக் கூறி மன்னிப்புப் பெற்றுத் திரும்பினார். பாளையத்திற்குப் புறம்பே நின்று தன் தீட்டைக் கூவுமாறு பழைய சட்டம் எவனைப் பணித்ததோ, அவனிடத்தில் அன்று அவர் நின்றார்.

'நாம்' என்னுஞ் சொல்

அடிகளாரைப் பற்றிப் பலரும் கூறும் கதையொன்றுண்டு. 1884-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் கொதிநீரில் கால் பட்டுத் தோல் வெந்தும் அவருக்கு வலி தெரியவில்லை. தம்மை நோய் பற்றியதை அறிந்துகொண்டார். அடுத்த ஞாயிறன்று கோயிலில், முன்னர் 'சகோதரரே' என்று தொடங்கியவர், 'தொழுநோயாளராகிய நாம்' என்று தொடங்கினார் என்பது கதை. கொதிநீர் நிகழ்ச்சி உண்மை. ஆனால் அச்சொல்லைப் பற்றிய கதை உண்மையினும் சிறிது. ஏனெனில், 1873-ஆம் ஆண்டின் இறுதியில், அதாவது வந்து ஆறு திங்களே ஆனபோது, தம் தமையனார்க்கு எழுதிய கடிதத்திலேயே, மறையுரையில் 'தொழுநோயாளராகிய நாம்' என்றே கூறுவதாக அவர் குறித்திருக்கிறார். அப்போது அவர் மேனியில் நோயின் குறி ஒன்றுமில்லை. நோய் வந்ததனால் அவர் 'நாம்' என்றாரல்லர். 'நாம்' என்று சொல்லிப் பதினோராண்டுகள் கழிந்த பின்னரே நோய் வந்தது.

தமிழராகிய நமக்கு இச்சொல்லின் ஆழம் பிறர்க்கு விளங்குவதினும் நன்கு விளங்கும். 'நாங்கள்' என்றால் கேட்பவரை விலக்கிய பன்மை; 'நாம்' என்றால் கேட்பவரையும் உளப்படுத்திய பன்மை. ஆங்கிலத்திலோ, நாம் இங்கே நாள்தோறும் வழங்கும் ஹிந்தியிலோ இவ்வேறுபாடில்லை. அதனால்தான் காலனியில் வளரும் நம் பிள்ளைகள், அடுத்த வீட்டாரிடம் 'நாளைக்கு நாம் ஊருக்குப் போகிறோம்' என்று சொல்லி, அவர்களையும் மூட்டை கட்ட வைத்துவிடுகின்றனர்! வியப்பென்னவெனில், அடிகளார் மறையுரை நிகழ்த்திய ஹவாய் மொழியில் நம் தமிழிற்போலவே இரண்டு பன்மைகளும் தனித்தனிச் சொற்களாக உள. அவர்தம் தாய்மொழியாகிய பிளமியத்திலோ, கடிதம் எழுதப் பயன்பட்ட பிரெஞ்சிலோ அவ்வேறுபாடில்லை. எதிரே அமர்ந்த நோயாளரை நோக்கித் 'தொழுநோயாளராகிய நாம்' என்று அம்மொழியில் ஒருவர் சொல்வாராயின், அஃது உளப்பாட்டுப் பன்மையாகவே அமைதல் கூடும். விலக்கும் பன்மைக்கு அங்கு இடமேயில்லை.

1888-ஆம் ஆண்டு நவம்பரில் மரியான் அன்னையார் என்னும் துறவியும் இரு சகோதரியரும் பணிசெய்ய அங்கு வந்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜோசப் டட்டன் என்னும் அமெரிக்கர் வந்திருந்தார். அவர் 1931-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அப்பணியில் இருந்தார். தமக்குப் பின் பணி தொடரும் என்று கண்ட அடிகளார், 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் அகவையில் உயிர் நீத்தார். முதலிரவு உறங்கிய அத்தாழை மரத்தடியிலேயே அவரை அடக்கஞ் செய்தனர்.

பழியும் மறுமொழியும்

இறந்த பின்னும் பழி அவரை விடவில்லை. ஹொனலூலுவில் வசதியாக வாழ்ந்த ஹைட் என்னும் சீர்திருத்தச் சபைப் போதகர், அடிகளார் அழுக்கர், முரடர், ஒழுக்கந் தவறியதாலேயே நோயுற்றார் என்று நண்பர்க்கு எழுதிய கடிதம் அச்சேறிற்று. புதையல் தீவு என்னும் கதையால் புகழ்பெற்ற ஸ்டீவன்சன் அப்போது அக்கடற்பகுதியில் பயணஞ் செய்துகொண்டிருந்தார். அவரும் கத்தோலிக்கரல்லர். அடிகளார் இறந்த மறுதிங்களே மொலோக்காய்க்குச் சென்று ஒரு வாரம் தங்கி, அவரை அறிந்தாரிடமெல்லாம் வினவியவர். 1890-ஆம் ஆண்டு அவர் ஹைட்டுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் உலகெங்கும் பரவிற்று. அடிகளார் பிடிவாதக்காரர், எளிதிற் சினம் கொள்பவர் என்பதை அவர் மறைக்கவில்லை. குறைகளையெல்லாம் ஒப்புக்கொண்டு, ஆயினும் அவர் அங்கே சென்றார், நாம் செல்லவில்லை என்று காட்டியதே அக்கடிதத்தின் வன்மை. பிணியாளரைத் தொடுவதற்கு ஒருவன் குறையற்றவனாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. இது நம்போன்றோர்க்கு ஆறுதலன்றோ?

1936-ஆம் ஆண்டு அவருடல் பெல்ஜியம் கொண்டுசெல்லப்பட்டது. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது. மரியான் அன்னையாரும் 2012-ஆம் ஆண்டில் அவ்வரிசையிற் சேர்ந்தார்.

நம் நாட்டில்

இஃது எங்கோ ஒரு தீவின் கதையென்று நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை. 1898-ஆம் ஆண்டு ஆங்கில அரசு இந்நாட்டில் தொழுநோயாளர் சட்டமொன்று இயற்றிற்று. வறிய நோயாளரைப் பிடித்து அடைக்கவும், அவர் உணவுப் பண்டம் விற்பதையும் வாடகை வண்டிகளில் ஏறுவதையும் தடுக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. வண்டிகளுள் ரயில் வண்டிக்கு மட்டும் விலக்களித்திருந்தது. நம் துறையினர் அறியவேண்டிய செய்தி இது. அச்சட்டம் ஏட்டினின்று நீங்கியது 2016-ஆம் ஆண்டில்தான். கணவன் மனைவியருள் ஒருவர்க்குத் தொழுநோயிருப்பின் மணமுறிவு கோரலாம் என்னும் விதி 2019-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

நோயை வெல்லும் வழியில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பாதிரியார் மகனாய்ப் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், 1946-ஆம் ஆண்டு முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை உருவாக்கினார். நோயாளரின் விரல்கள் அழுகி விழுவதில்லை. உணர்ச்சி மரத்தமையால், சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் புண்பட்டே தேய்கின்றன என்பதை விளக்கிக் காட்டியவரும் அவரே. தமியான் அடிகளாரின் கால் வெந்தபோது நேர்ந்ததும் அதுவன்றோ? ஒருகால் நோயாளர் ஒருவரின் தோளில் பிராண்ட் கைவைத்துப் பேச, அவர் விம்மியழுதாராம். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று மருத்துவர் கலங்கினார். நோய் வந்தபின் எவரும் தம்மைத் தொட்டதில்லை என்பதே அழுகைக்குக் காரணம் என்று பின்னர் அறிந்ததை அவர் எழுதியிருக்கிறார். 1955-ஆம் ஆண்டு வேலூரை அடுத்த கரிகிரியில் இந்நோய்க்கென ஆராய்ச்சி மருத்துவமனையும் எழுந்தது.

இன்று கூட்டு மருந்து உளது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறர்க்குத் தொற்றுவது நின்றுவிடும். ஓராண்டு அளவில் முழுவதும் குணமாகும். ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே. குறி கண்டவுடன் மருத்துவரிடம் செல்லாமல் மறைத்துவைப்பதே உறுப்புக் கெடுவதற்குக் காரணம். மறைப்பதற்குக் காரணம் அச்சம். அச்சத்திற்குக் காரணம் நாம். மருந்து கிருமியைக் கொன்றுவிடுகிறது. அடிக்கோலைக் கொல்லும் மருந்து மருத்துவமனையில் இல்லை.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் அறச்செயலில் குறைந்ததன்று. ஒவ்வோராண்டும் பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் விருந்து முடிந்தபின், ரயில் பாதைக்கு அப்பாலுள்ள குடியிருப்பிற்குச் சோறும் சாம்பாரும் இனிப்பும் கொடுத்தனுப்புகிறோம். பாத்திரங்கள் அவர்கள் வாயிலில் இறக்கப்படுகின்றன. திரும்பி வந்ததும் இருமுறை சுடுநீரால் கழுவப்படுகின்றன. இதனைக் குறையாகக் கூறவில்லை. நாமும் அப்பாத்திரங்களோடு வாயில்வரை சென்று திரும்பியவரே. ஆனால் தமியான் அடிகளார் சரிதத்தைப் படித்தபின் ஓர் ஐயம் எழுகிறது. நாம் அனுப்பும் உணவு 'நாங்கள்' என்கிறதா, 'நாம்' என்கிறதா?

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு மிகுந்த உணவை அனுப்ப வேண்டா. நாள் குறித்து, நாமே குடும்பத்தோடு அங்குச் சென்று, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். நம் பிள்ளைகள் விழாவிற்குப் பழகிய பாடல்களை அங்கும் பாடட்டும். மருத்துவர் சான்று வேண்டுவோர்க்கு அதனைத் தேடித்தரும் பொறுப்பு நம்முடையது.

தமியான் அடிகளாரின் உடல் பெல்ஜியத்தில் இருக்க, 1995-ஆம் ஆண்டில் அவருடைய வலக்கையை மட்டும் மொலோக்காய்க்குத் திருப்பித் தந்தனர். அத்தீவினர் அதனைப் பழைய கல்லறையிலேயே மீண்டும் அடக்கஞ் செய்தனர். தம்மைத் தொட்ட கை தம்மோடிருந்தால் போதும் என்று எண்ணினர் போலும்.

அந்த முதியவர் பின்னர் நம் சாளரத்திற்கு வரவில்லை. சென்ற கோடையில் பேரன் மட்டும் வந்தான், வளர்ந்துவிட்டான், நம்மை அடையாளங் கண்டுகொண்டானோ இல்லையோ, அறியோம். பயணச்சீட்டையும் சில்லறையையும் அவன் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தோம். பாட்டனார் எங்கே என்று கேட்க நா எழவில்லை. அப்பந்தியில் அவரைக் காணும் பேறு கிட்டுமாயின், அவர் பக்கத்தில் நமக்கு ஓரிடம் வேண்டும்.